கும்பகர்ணன் எந்த வகை?

வாசகர் கேள்வி – பதில்

(கதைமாந்தரின் ஆளுமையை வகைப்படுத்துவது தொடர்பாக வந்த கடிதங்களுள் ஐந்துக்கு இம்முறை பதில் தரப்படுகிறது.)

கேள்வி: நானும் என் தோழியர் மூவரும் உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கிறோம். கைத்தொலைபேசியில் பதினாறு வகை ஆளுமைச் சோதனையைச் செய்து பார்த்தபின், கம்பராமாயணப் பாத்திரங்களுக்கும் அந்த எழுத்துகளைப் பொருத்தத் தொடங்கினோம். கும்பகர்ணனிடம் வந்ததும் வழக்கு முற்றிவிட்டது. கடமை தவறாதவன் என்பதால் அவன் ஐ.எஸ்.டி.ஜே. என்கிறாள் ஒருத்தி. பாசத்தால் உயிர் கொடுத்தவன் என்பதால் ஐ.எஸ்.எஃப்.ஜே. என்கிறாள் இன்னொருத்தி. மூன்றாமவளோ, மனிதரை ஒன்பது வகையாகப் பிரிக்கும் எனியாகிராம் முறையில் அவன் ஒன்பதாம் வகை, தூங்குகிறவன் வேறு என்னவாக இருப்பான் என்று முடித்துவிட்டாள். யார் சொல்வது சரி?
– மாணவி ஒருவர், ஹட்டன்

பதில்: மூன்றாமவரின் வாதந்தான் முதலில் விழுகிறது, ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். கும்பகர்ணனின் உறக்கம் அவன் விரும்பிக் கைக்கொண்ட வாழ்க்கை முறையன்று, வரத்தின் விளைவாக வந்து சேர்ந்தது. ஒருவருக்கு நேர்ந்ததை வைத்து அவருடைய இயல்பைத் தீர்மானிக்கலாம் என்றால், பாண்டவர் ஐவரும் காட்டில் அலையும் இயல்பினர் என்றும் எழுதிவிடலாம். மேலும், எனியாகிராம் ஒன்பதாம் வகைக்குச் சொல்கின்ற சோம்பல் உடலின் உறக்கம் அன்று. சூழ இருப்போருடன் பிணக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத் தன் விருப்பத்தையும் தன் கருத்தையும் தானே மறந்துவிடுகிற பழக்கத்தையே அது குறிக்கிறது.

இந்த அளவுகோலைக் கம்பனின் பாட்டில் வைத்துப் பாருங்கள். முதல் நாட்போரில் தோற்றுத் திரும்பிய இராவணன் தம்பியை எழுப்பச் செய்கிறான். எழுந்து வந்தவன், சீதையை விட்டுவிடு, இராமனைப் பணி, வீடணனோடு கூடிக்கொள், பிழைக்கும் வழி அதுதான் என்று அண்ணனின் முகத்துக்கு நேரே சொல்கிறான். சினந்த இராவணன், நீ அஞ்சிவிட்டாய், தசையும் நறவும் பெற்றுக்கொண்டாய், இனி இரவும் பகலும் கண்ணை மூடி 'உறங்குதி, போய்' என்கிறான். உறங்கப் போவதற்கு அரசனே விடை கொடுத்துவிட்ட இடம் இது. ஒன்பதாம் வகையினனாக இருந்தால் மனம் நொந்தபடியே போய்ப் படுத்திருப்பான். கும்பகர்ணன் அண்ணனை வணங்கிப் பொறுத்தருளச் சொல்லிவிட்டுச் சூலத்தைக் கையில் எடுக்கிறான். எடுத்த பிறகும், வென்று வருவேன் என்று சொல்ல மாட்டேன், விதி என் பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறது, நான் இறந்துபட்டால் சீதையை விட்டுவிடு, அதுவே நல்லது என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறான். புறப்படும் வேளையிலும் மாற்றுக் கருத்தை விழுங்காத ஒருவனை ஒன்பதில் சேர்க்க என்னால் முடியவில்லை.

அடுத்தது எழுத்துகள். 1921இல் வெளியான 'உளவியல் வகைகள்' என்ற நூலில் கார்ல் குஸ்தாவ் யுங் அகமுகம், புறமுகம் என இரு நோக்குகளையும், சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என நான்கு தொழிற்பாடுகளையும் கூறினார். கதரின் பிரிக்ஸ், அவருடைய மகள் இசபெல் மையர்ஸ் ஆகிய இரு அமெரிக்கப் பெண்மணிகள் அதனுடன் நான்காம் இணையொன்றைச் சேர்த்து, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதனை ஒரு வினாக்கொத்தாக வளர்த்தார்கள். நீங்கள் கைத்தொலைபேசியில் கண்ட பதினாறு வகைகளும் அந்த வழியில் வந்தவையே. அகமுகத்துக்கு ஐ, புறமுகத்துக்கு ஈ; புலனறிவுக்கு எஸ், உள்ளுணர்வுக்கு 'என்'; சிந்தனைக்கு டி, உணர்வுக்கு எஃப்; முடிவெடுத்து ஒழுங்காக நடப்பதற்கு ஜே, போகிற போக்கில் நெகிழ்ந்து நடப்பதற்கு பி. வினாக்கொத்துக்கு விடையளிக்கக் கும்பகர்ணன் வரப்போவதில்லை. அவன் சார்பில் நூல்தான் விடையளிக்க வேண்டும். நூல் மௌனமாக இருக்கும் இடத்தில் கட்டத்தை வெறுமையாக விடும் துணிவு வகைப்படுத்துபவருக்கு வேண்டும். எழுத்து சொன்ன உங்கள் தோழியர் இருவரும் தயக்கமின்றி ஐ என்ற முதலெழுத்தைப் போட்டுவிட்டார்கள். மந்திராலோசனை, துயிலெழுந்த காட்சி, போர்க்களம் ஆகியவற்றுக்கு வெளியே கம்பன் அவனை நமக்கு ஏறக்குறையக் காட்டுவதேயில்லை. கூட்டத்தில் அவனுக்கு உற்சாகம் பிறக்குமா, தனிமையில் பிறக்குமா என்பதற்கு அங்கே சான்று ஏது? தூங்குபவன் தனித்திருப்பவன் என்ற எண்ணம் அவர்களை அறியாமல் அந்த எழுத்தைப் போட வைத்திருக்கலாம்.

டி, எஃப் என்ற எழுத்துகளில்தான் உங்கள் சண்டை சுவையாகிறது. மந்திராலோசனையில் கும்பகர்ணன் பேசுவதைப் படித்தால் யாரும் டி என்றே சொல்வார்கள். பிறன் மனைவியைச் சிறை வைப்போம், குற்றமற்ற புகழையும் விரும்புவோம். 'பேசுவது மானம், இடை பேணுவது காமம்'. கூசுவதோ மானிடரைக் கண்டு. நம்முடைய கொற்றம் நன்றாயிருக்கிறது என்று அண்ணனின் முரண்பாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைக்கிறான். ஆனால் வீடணனும் அதே அவையில் அண்ணன் செய்தது தவறென்றே பேசினான். சிந்தனை ஒன்றுதான் வகையைத் தீர்மானிக்கும் என்றால் தம்பியர் இருவரும் ஒரே பக்கம் போயிருக்க வேண்டும். ஒருவன் இராமனிடம் போனான், மற்றவன் சாகப் போனான். ஆகவே வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது.

அந்த இடத்தைக் காண யுங் சொன்ன ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவருடைய முறையில் சிந்தனையும் உணர்வும் இரண்டுமே பகுத்தறியும் தொழிற்பாடுகள். ஒன்று, மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிக்கிறது. மற்றது, இதற்கு என்ன மதிப்பு, இது எனக்கு எவ்வளவு பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. கண்ணீர் விடுபவர் எஃப், விடாதவர் டி என்ற கணக்கு யுங்கினுடையதன்று. போர்க்களத்தில், இராமன் பக்கம் வந்துவிடு என்று வீடணன் அழைக்கும்போது கும்பகர்ணன் தரும் விடையை இந்தக் கண்ணுடன் படியுங்கள். 'நீர்க்கோல வாழ்வை நச்சி', தன்னை நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்கிறான். அண்ணன் சரியானவன் என்று அவன் ஓரிடத்திலும் வாதிடவில்லை. வாழ்வு நீரில் போட்ட கோலம் என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது. மெய் எது என்ற கேள்விக்கு ஒரு விடையை வைத்துக்கொண்டு, எது பெரிது என்ற கேள்வியின் விடைப்படி நடக்கிறான். அதனால் எஃப் என்று சொன்ன தோழியின் பக்கமே நான் நிற்கிறேன், அவர் கூறிய காரணத்தை மட்டும் சற்று மாற்றிக்கொண்டு. அவன் காட்டும் காரணங்கள் எல்லாம் வரப்போகும் ஒன்றைப் பற்றியவையாக இல்லாமல், உண்ட சோறு, வளர்த்த கை, அணிவித்த கோலம் என நடந்து முடிந்தவற்றைப் பற்றியவையாக இருப்பதால் எஸ் என்பதும் பொருந்துகிறது. வீடணனை எழுத்தில் வைத்தால் அங்கே 'என்' என்ற எழுத்து வரும் என்று நினைக்கிறேன்.

ஜே என்பதில் ஒரு சிறு தடை உண்டு, ஐ.எஸ்.டி.ஜே. என்ற தோழி அதற்கு விடை காண வேண்டியிருக்கும். மந்திராலோசனையில் இதே கும்பகர்ணன், இனிச் சீதையை விட்டால் நாம் எளியவர்களாவோம், போரிட்டு மாண்டால் அதில் பழியில்லை என்று பேசியவன். துயிலெழுந்தபின் விட்டுவிடு என்கிறான். இடையில் நிலைமை மாறியது, அவன் ஆலோசனையும் மாறியது. ஆனால் தன் இடம் எது என்பது மட்டும் மாறவில்லை. விதியொன்றைப் பிடித்துக்கொண்டு அசையாதவன் என்று அவனை வரைவது இதனால் கடினமாகிறது.

எனியாகிராமில் எந்த எண் என்று கேட்டால், விசுவாசத்துக்குப் பேர்போன ஆறுக்கு அருகில் வைப்பேன்; ஆனால் முழுதாகப் பொருந்தாது. ஆறாம் வகையின் விசுவாசத்துக்கு அடியில், தனித்துவிடப்படுவோமோ, காப்பின்றிப் போவோமோ என்ற அச்சம் இருப்பதாக அந்த முறை சொல்கிறது. கும்பகர்ணன் காப்பு எதனையும் எதிர்பார்க்கவில்லை; போனால் மீளமாட்டான் என்று தெரிந்தே போகிறான். செஞ்சோற்றுக் கடன் என்று நம் மரபு அறிந்த உந்துதலுக்கு ஒன்பது எண்களில் நேரான இடமில்லை. ஓஸ்கார் இச்சாசோ தொடங்கி, 1970களில் கிளாடியோ நரன்ஹோ வளர்த்த ஒரு முறை, அச்சம், நாணம், சினம் என்ற மூன்று வேர்களிலிருந்து எல்லாவற்றையும் விளைவிக்கப் பார்க்கிறது. கடன் என்பது அங்கே வேராகக் கருதப்படவில்லை. மூக்கிழந்த முகத்தைத் தேவரும் முனிவரும் பார்க்காதவாறு தலையைக் கடலில் தள்ளிவிடு என்று இராமனிடம் அவன் கேட்கும் கடைசி வரத்தைக் கொண்டு, நாணத்தின் பக்கம் அவனை இழுக்க விரும்புபவரும் இருப்பார். அந்தப் பாட்டோடு சேர்த்து, வீடணனைக் காத்துக்கொள் என்று கேட்கும் பாட்டையும் அவர் படிக்கட்டும்.

கதையில் வரும் இரு சகோதரர்களை எதிரெதிரே வைத்து வகை பார்ப்பது உங்கள் வகுப்பறையில் பிறந்த விளையாட்டு என்று எண்ணி வெட்கப்பட வேண்டாம். சுவிஸ் கவிஞர் கார்ல் ஸ்பிட்டலரின் காவியத்தில் வரும் புரொமிதியஸ், எபிமிதியஸ் என்ற சகோதரர்களை அகமுகத்துக்கும் புறமுகத்துக்கும் எடுத்துக்காட்டாக வைத்து, யுங் தம் நூலில் ஓர் இயலே எழுதியிருக்கிறார்.

கேள்வி: நான் சென்ற வருடம் சோதனை செய்தபோது ஐ என்று வந்தது, இந்த வருடம் ஈ என்று வருகிறது. உயிரோடிருக்கும் என் எழுத்தே நிலையில்லாதபோது, கதையில் வருபவனுக்கு நிலையான எழுத்தைத் தேடுவது வீண்வேலை இல்லையா?
– வாசகர் ஒருவர், பண்டாரவளை

பதில்: உங்கள் எழுத்து மாறியதற்கு நீங்கள் மாறியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. புறமுகத் தன்மையை அளந்தால் மக்களுள் பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் நிற்கிறார்கள். நடுவில் ஒரு கோட்டைக் கிழித்து இப்பக்கம் ஐ, அப்பக்கம் ஈ என்று பெயரிட்டால், கோட்டருகே நிற்பவர் இரண்டு விடைகளை மாற்றிக் குறித்தாலே எழுத்து மாறிவிடும். உளவியல் ஆய்வாளர்கள் இன்று பெரிதும் பயன்படுத்தும் ஐம்பெரும் பண்புகள் (திறந்த மனம், பொறுப்புணர்வு, புறமுகம், இணக்கம், மனக்கலக்கம்) என்ற முறை எழுத்துகளைத் தராமல், ஒவ்வொரு பண்பிலும் ஒருவர் எந்த அளவில் நிற்கிறார் என்று மட்டும் சொல்கிறது.

வந்த விளக்கம் உங்களுக்கு அச்சாகப் பொருந்தியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். 1948இல் பேர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்து, தனித்தனியே எழுதியதுபோல் ஒவ்வொருவருக்கும் விளக்கக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தார். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. அதிலிருந்த வாக்கியங்கள் கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. பொருத்தத்துக்கு 5க்கு எத்தனை புள்ளி என்று கேட்டபோது சராசரி 4.26 வந்தது. கதைமாந்தரிடம் இந்த ஆபத்து ஓரளவு குறைவு. தம்மைப் பற்றிய விளக்கத்தைக் கேட்டு அவர்கள் மகிழ்ந்து தலையாட்டுவதில்லை. செய்ததும் சொன்னதும் மாறாமல் ஏட்டில் நிற்கின்றன, எதிர்க்கட்சிக்காரர் எப்போது வேண்டுமானாலும் அதைப் புரட்டிக் காட்டலாம்.

கேள்வி: எங்கள் தோட்டப் பாடசாலையில் பொன்னர் சங்கர் கூத்தின் ஒரு பகுதியை மேடையேற்றப் பழக்குகிறோம். பொன்னர் அமைதியானவர், சங்கர் கோபக்காரர். சோதனை வைத்து அதற்கேற்ற சுபாவமுள்ள பிள்ளைகளைத் தெரிவு செய்யலாமா?
– ஆசிரியர், தலவாக்கலை

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று மலையகம் தலைமுறைகளாகக் கட்டிக் காத்த கூத்துகளில் பாத்திரத்தின் சுபாவம் ஆடுபவனுக்குள் மட்டும் இருப்பதில்லை. பாட்டு, தாளத்தின் வேகம், எதிரில் நிற்பவனின் நிலை எல்லாவற்றிலும் பங்கு போட்டிருக்கிறது. அதிலும் பொன்னரும் சங்கரும் ஒருவரையொருவர் எதிரிட்டுச் செதுக்கப்பட்டவர்கள். வாய்மொழியில் பரவும் கதைகளில் தம்பியின் சூட்டைக் காட்ட அண்ணனைக் குளிர்விப்பதும், அண்ணனின் பொறுமையைக் காட்ட தம்பியைக் கொதிக்க வைப்பதும் வழக்கம். அதனால் வகை பார்ப்பதென்றால் இருவரையும் ஓர் இணையாகப் பார்க்க வேண்டும். எந்த வாத்தியார் சொல்லும் கதை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொங்குநாட்டிலிருந்து வந்த இக்கதைக்கு ஒரே பாடம் கிடையாது. பழகும் நாட்களில் ஒரு தடவையாவது வேடங்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை சங்கராக நிற்கும்போது வெளிப்படும் கோபம், சத்தக்காரப் பிள்ளையிடம் வெளிப்படுவதைவிட அவையை அதிகம் அசைக்கக்கூடும்.

கேள்வி: பழைய காலத்தில் தோட்டத் தொழிலாளர்களை மேற்பார்த்த பெரிய கங்காணி ஒருவரை வைத்துச் சிறுகதை எழுதுகிறேன். எழுத முன்னர் அவருக்கு ஓர் ஆளுமை வகையைத் தீர்மானித்துக்கொண்டால் பாத்திரம் குழம்பாமல் வரும் என்கிறார் ஒரு நண்பர். உங்கள் ஆலோசனை என்ன?
– பொகவந்தலாவையிலிருந்து ஒருவர்

பதில்: பதினாறில் ஒன்றைத் தேர்ந்தால் உங்கள் கங்காணி குழம்பமாட்டார், ஆனால் அசையவும் மாட்டார். எழுதுபவருக்கு உதவக்கூடியது ஐம்பெரும் பண்புகளின் உட்பிரிவுகள்தான் என்று நினைக்கிறேன். கொஸ்டா, மக்ரே என்ற இரு ஆய்வாளர்கள் ஒவ்வொரு பெரும்பண்பையும் ஆறாகப் பிரித்து முப்பது கூறுகளாகத் தந்திருக்கிறார்கள். பொறுப்புணர்வு என்ற பெரும்பண்புக்குள் ஒழுங்கு ஒரு கூறு, கடமையுணர்ச்சி இன்னொரு கூறு. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், சேராமலும் வரலாம். சேராத இடத்தில் உங்கள் கங்காணியை நிறுத்திப் பாருங்கள்.

துண்டு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டம் விட்டுத் தோட்டம் போகும் தொழிலாளர்களின் கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டை வைத்தே அவர்களுடைய விடுதலை அன்று தீர்மானிக்கப்பட்டது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. (யுங்கின் நூல் வெளியான ஆண்டும் அதுவே, அவர் சூரிச்சில் மனிதரை வகைப்படுத்திக்கொண்டிருந்த காலத்தில், இங்கே இலங்கைத் தோட்டங்களில் மனிதர்கள் கடன் தொகையால் வகைப்படுத்தப்பட்டிருந்தார்கள்.) ஒரு சதமும் பிசகாமல் கணக்கேட்டை எழுதி, கோடுகளை நேராக இழுத்து, தலைப்பாகையின் மடிப்பு கலையாமல், காலையில் தொழிலாளர்களைப் பெயர் பதியும் பிரட்டுக்களத்தில் நிற்கிற ஒருவர், அதே ஏட்டில் இறந்துபோனவனின் கடனை அவன் தம்பி பேரில் ஏற்றுகிறார் என்று வையுங்கள். ஒழுங்கு உச்சத்தில், கடமையுணர்ச்சி அடியில். எழுத்துமுறையில் பார்த்தால் அவர் நேரே ஜே கூட்டில் போய் விழுவார். அந்தக் கூட்டுக்குள் அவரும், உண்மையிலேயே நேர்மையான இன்னொரு கங்காணியும் ஒரே ஆளாகத் தெரிவார்கள். கதைக்குத் தேவையானது அவ்விருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

இன்னொன்று. கங்காணிக்கு வேறு வழி திறந்திருந்த ஒரு கணத்தைக் கதையில் வையுங்கள்: துரை ஊரில் இல்லை, ஏட்டைப் பார்க்க யாருமில்லை, கடனை அடித்துவிட்டாலும் கேள்வி வராது. அப்போது அவர் பேனாவை என்ன செய்கிறார் என்பதிலிருந்து வாசகர் அவருடைய வகையைக் கண்டுகொள்வார். வழியே இல்லாத இடத்தில் ஒருவர் செய்வது அவருடைய சூழ்நிலையைத்தான் காட்டும், சுபாவத்தைக் காட்டாது. தொழிலாளியின் பணிவை அடக்கமான சுபாவம் என்று அந்தக் காலத்துத் துரைமார் நினைத்துக்கொண்டது இந்த வேறுபாட்டைப் பாராததால்தான்.

கேள்வி: சீதாஎலிய கோயிலைப் பார்க்க வருபவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். இளைஞர்கள் இப்போது, இராவணன் எனியாகிராமில் எட்டுத்தானே என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?
– நுவரெலியா வாசகர்

பதில்: எட்டு என்பது அதிகாரம், ஆதிக்கம், யாருக்கும் பணியாமை என்ற வகை, இராவணனின் வெளித்தோற்றம் அப்படியே இருப்பதால் பலர் அங்கே போய் நிற்கிறார்கள். கம்பனைக் கேட்டால் நான் மூன்று என்பேன், அதாவது பிறர் கண்ணில் தன் பெருமை குன்றுவதைத் தாங்க முடியாத வகை. முதல் நாட்போரில் தோற்று நகருக்குள் வருகிறவன் எதற்கு நாணுகிறான் என்று பாருங்கள். வானும் மண்ணும் நகைக்கும் என்பதற்கோ, பகைவர் எல்லோரும் நகைப்பார்கள் என்பதற்கோ நாணாமல், சானகி நகைப்பாளே என்று சாம்புகிறான். எட்டாம் வகையினன் தோல்விக்குச் சினந்திருப்பான். யார் சிரிப்பார்கள் என்ற பட்டியலைப் போட்டுக்கொண்டு நடக்கமாட்டான். பின்னர் இந்திரசித்து சீதையை விட்டுவிடச் சொல்லும்போது, நான் வெல்லாவிட்டாலும் இராமனின் பேர் நிற்கும் வரை என் பேரும் நிற்கும் அல்லவா என்று விடை தருகிறான். உயிரையும் மகனையும் இழக்கத் துணிந்த பிறகும் பேரை மட்டும் விட முடியவில்லை. எட்டு என்று சாதிக்கும் இளைஞர் அந்த விடைக்கு என்ன சமாதானம் சொல்கிறார் என்று கேட்டு எங்களுக்கும் எழுதுங்கள்.